கிளிமஞ்சாரோ ஏறப் போகிறீர்களா? உச்சி இரவின் முடிவுகளை ஊரிலேயே எடுத்துவிடுங்கள்

கிளிமஞ்சாரோ ஏறக் கயிறு வேண்டாம், ஐஸ் கோடரி வேண்டாம். தான்சானியாவில் 5,895 மீட்டர் உயரத்தில் இருக்கும் அதன் உச்சியான உகுரு முனை வரைக்கும் நடந்தே போய்விடலாம். அதனாலேயே பலர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து நாள் சிரித்துக்கொண்டே நடந்தவர், உச்சிக்குக் கிளம்பிய இரவில் நான்கு மணிக்கு ஒரு பாறையில் உட்கார்ந்து "போதும், கீழே போகலாம்" என்பார். காலில் வலு இருக்கும். தலையில்தான் ஒன்றும் இருக்காது.

உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. அந்தக் காற்றில், தூக்கமும் சாப்பாடும் இல்லாத மூளை ஒழுங்காக முடிவெடுக்காது. நன்றாக இருப்பவர் விட்டுவிடுவார். இறங்க வேண்டியவர் பிடிவாதமாக ஏறுவார். இரண்டாவதில் உயிர் போகலாம். இரண்டுக்கும் வழி ஒன்றே: முக்கியமான முடிவுகளை அந்த இரவுக்கு மிச்சம் வைக்காமல், மூளை தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிடுவது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான். ஆறு மாதம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. முதலில் நாட்களைத் தீர்மானியுங்கள்

மன உறுதி பற்றிய பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும். உயரம் பழகாத உடம்பை எந்த வைராக்கியத்தாலும் இழுத்துக்கொண்டு போக முடியாது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி இது. இதை வைத்து வழித்தடங்களைப் பாருங்கள்.

மராங்கு வழியில் இரவுத் தங்கல் மண்டாரா 2,720 மீட்டர், ஹோரோம்போ 3,720, கிபோ 4,720. அதாவது இரவுக்கு 1,000 மீட்டர் ஏற்றம். 5 நாள் திட்டத்தில் மூன்றாம் நாள் நள்ளிரவே உச்சிக்குக் கிளப்பிவிடுவார்கள். கூடாரம் இல்லை, குடிசையில் கட்டில் உண்டு, விலையும் குறைவு என்பதால் புதியவர்கள் இதைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுக்காதீர்கள். மராங்குதான் வேண்டுமென்றால் ஹோரோம்போவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் 6 நாள் திட்டத்துக்குக் குறைந்து எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மச்சாமே வழி, 7 நாள்: மச்சாமே முகாம் 2,835, ஷிரா 3,840, பரான்கோ 3,976, கரங்கா 3,995, உச்சிக்குக் கிளம்பும் கடைசி முகாமான பராஃபு 4,673. மூன்றாம் நாள் பகலில் 4,630 மீட்டரில் உள்ள லாவா டவர் வரை ஏறி, பிறகு பரான்கோவுக்கு இறங்கித் தூங்குவீர்கள். பகலில் உயரத்தில் நடந்துவிட்டு இரவில் தாழ்வாகத் தூங்கும் இந்த ஒரு நாள்தான் உச்சி இரவில் கைகொடுக்கும். இங்கேயும் விதி சில இடங்களில் மீறப்படுகிறது, ஆனால் நடுவில் மூன்று இரவு ஏறக்குறைய ஒரே உயரத்தில் கிடைக்கிறது. 6 நாள் மச்சாமே என்று விற்கப்படும் திட்டத்தில் கரங்கா இரவு காணாமல் போகும். பரான்கோவிலிருந்து நேரே பராஃபு. பகல் முழுவதும் நடந்த காலோடு அன்றிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும்.

லெமோஷோ வழி மேற்கிலிருந்து 8 நாள். பணமும் லீவும் இருந்தால் இதுவே நல்லது. ரோங்காய் வடக்கிலிருந்து ஏறுகிறது. மழை குறைவான பக்கம். உம்ப்வே செங்குத்து, முதல்முறைக்காரர்களுக்கு வேண்டாம்.

மாதம்: ஜனவரி முதல் மார்ச் முதல் பாதி வரை, அல்லது ஜூன் கடைசி முதல் அக்டோபர் வரை. மார்ச் நடுவிலிருந்து மே வரை நீண்ட மழை, நவம்பரில் சிறு மழை. நனைந்த சாக்ஸோடு ஐந்து நாள் நடந்தவருக்கு உச்சி இரவுக்கு மிச்சம் வைக்கப் பொறுமை இருக்காது. பௌர்ணமியை ஒட்டிப் போனால் வெளிச்சம் உண்டு, கூட்டமும் உண்டு.

2. பணக் கணக்கு

உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. ஆகவே ஏஜென்சி கட்டாயம். விலையைப் பேசுமுன், மலை இருக்கும் தேசியப் பூங்காவின் கட்டணத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டவருக்கு நாள் ஒன்றுக்குப் இயற்கைப் பாதுகாப்புக் கட்டணம் 70 டாலர், கூடார இரவுக்கு 50 டாலர் (மராங்கு குடிசைக்கு 60), மீட்புக் கட்டணம் ஒருமுறை 20 டாலர், எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வரி. சில ஆண்டுகளாக இருக்கும் கணக்கு இது. பணம் கட்டுமுன் தான்சானிய தேசியப் பூங்காக்கள் அமைப்பின் பட்டியலில் ஒருமுறை சரிபாருங்கள். 7 நாள், 6 இரவுக்கு 490 + 300 + 20 = 810; வரியோடு 955.80 டாலர். இது அரசுக்குப் போகும் பணம். இதற்கு மேல்தான் வழிகாட்டிகள், சமையல்காரர், போர்ட்டர்கள் சம்பளம், சாப்பாடு, வண்டி, ஏஜென்சி லாபம் எல்லாம்.

யாராவது 7 நாள் மச்சாமேயை 1,300 டாலருக்குத் தருகிறேன் என்றால் மிச்சம் எங்கிருந்து பிடிக்கப்படுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் போர்ட்டர் சம்பளத்திலும் உங்கள் சாப்பாட்டிலும். குழுவோடு போனால் 1,800 முதல் 2,500 டாலர் வரை நியாயமான விலை. ஒரு நாள் கூட்டினால் பூங்காக் கட்டணம் மட்டும் 141.60 டாலர் ஏறும். இந்த முழுச் செலவில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. விலையுயர்ந்த ஜாக்கெட்டைக் கழித்துவிட்டு இந்த நாளை வாங்குங்கள்.

டிப்ஸ் தனி. ஒருவருக்கு 200 முதல் 300 டாலர் எடுத்து வையுங்கள். 2006-க்கு முன் அச்சிட்ட டாலர் நோட்டுகளை அங்கே வாங்க மாட்டார்கள். கிழிசல், கிறுக்கல் உள்ளதும் செல்லாது. நாணய மாற்றுக் கடையிலேயே ஒவ்வொரு நோட்டின் ஆண்டையும் பார்த்து வாங்குங்கள், 5, 10, 20 டாலர் நோட்டுகளாக.

ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள்: உச்சி இரவில் இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி உண்டா? ஆக்சிஜன் சிலிண்டர் முகாமில் இருக்குமா, கூடவே வருமா? ஒருவர் இறங்கினால் மற்றவர் தொடர ஆள் இருக்கிறதா? போர்ட்டர் சுமை 20 கிலோ வரம்புக்குள் எடை போடப்படுகிறதா? கிளிமஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டத்தில் பங்காளியாக உள்ள நிறுவனங்கள் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்கின்றன என்று கண்காணிக்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் தேடுவது நல்ல தொடக்கம். சம்பளம் ஒழுங்காக வாங்கும் குழுதான் உங்களை அந்த இரவில் பொறுமையாக நடத்திக்கொண்டு போகும்.

3. காகிதங்கள்

பாஸ்போர்ட்: திரும்பும் தேதிக்கு மேலும் ஆறு மாதம் செல்லுபடி, இரண்டு வெற்றுப் பக்கம்.

விசா: இணையத்தில் விண்ணப்பிக்கலாம், சாதாரண ஒற்றை நுழைவுக்கு 50 டாலர். ஒரு மாதம் முன்பே போடுங்கள். தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் தரும் தனியார் தளங்கள் முதலில் வரும். இரண்டு மடங்கு பிடுங்குவார்கள். குடியேற்றத் துறையின் தளம்தானா என்று முகவரியைப் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் சான்று: எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகள் வழியாகப் பயணம் செய்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் நின்றால் தான்சானியாவில் கேட்பார்கள். திரும்பும்போது இந்திய விமான நிலையத்திலும் கேட்கலாம்; சான்று இல்லாமல் சிக்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. இந்தத் தலைவலியே வேண்டாம், ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். முன்பதிவையும் நாளையும் விசாரித்துப் போங்கள். ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். பிறகு ஆயுள் முழுவதும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், 60 வயது தாண்டியவர்கள் டாக்டரிடம் முதலில் பேச வேண்டும்.

இன்சூரன்ஸ்: இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விமான டிக்கெட்டோடு வரும் பயணக் காப்பீட்டில் மலையேற்றம் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும், அல்லது ஓர் உயர வரம்பு இருக்கும். 6,000 மீட்டர் வரை மலைநடை, ஹெலிகாப்டர் மீட்பு ஆகிய இரண்டும் பாலிசியில் எழுதியிருக்க வேண்டும். 'சாகச விளையாட்டு உண்டு' என்ற ஒரு வரியை நம்ப வேண்டாம். உயரத்தைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்குங்கள்.

பிளாஸ்டிக் பை: 2019 ஜூன் முதல் தான்சானியாவில் தடை. துணியைக் கேரி பேக்கில் சுற்றி எடுத்துப்போகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில் பூங்காவுக்குள் அனுமதி இல்லை.

4. பதினாறு வாரப் பயிற்சி: சலிப்பையும் சேர்த்து

தமிழ்நாட்டில் உயரப் பயிற்சிக்கு இடம் கிடையாது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர். கிளிமஞ்சாரோவில் அது முதல் நாள் முகாமைவிடத் தாழ்வு. காலுக்கும் பொறுமைக்கும் மட்டும் இங்கே பயிற்சி எடுக்கலாம். அது போதும்.

முதல் 8 வாரம்: வாரம் மூன்று நாள் மாடிப்படி. 45 நிமிடத்தில் தொடங்கி 90 நிமிடம் வரை. முதுகில் 3 கிலோ, பிறகு 6, பிறகு 8. உச்சி நாளில் நீங்கள் தூக்கப்போவது 5 கிலோவுக்குள்தான் இருக்கும். பயிற்சியில் அதிகம் தூக்கிப் பழகினால் அங்கே இலகு. இறங்கும்போது லிப்டில் இறங்காதீர்கள். முட்டி போவது இறக்கத்தில்தான்.

அடுத்த 6 வாரம்: சனி 6 மணி நேரம், மறுநாளே ஞாயிறு 4 மணி நேரம் நடை. ஞாயிற்றுக்கிழமை நடைதான் முக்கியம். நேற்றைய களைப்போடு இன்று ஷூ கட்டுவதுதான் மலையில் தினமும் நடக்கப்போவது. பர்வதமலை, வெள்ளியங்கிரி போன்ற இடங்கள் செங்குத்தானவை, நல்ல பயிற்சி. காலம், நேரம், அனுமதி பற்றி வனத்துறை விதிகளைப் பார்த்துப் போங்கள். வெள்ளியங்கிரி ஏழு மலையை ஏறி இறங்கியவர்களுக்கு இரவில் விளக்கு வெளிச்சத்தில் படி எண்ணுவது பழகியிருக்கும்.

இதற்குள் குறைந்தது இரண்டு முறை ஒரு முழு ஒத்திகை செய்யுங்கள். மாலை 6 மணிக்குச் சாப்பிட்டுப் படுங்கள். தூக்கம் வராது. 11 மணிக்கு எழுந்து ஒரு டீ, இரண்டு பிஸ்கட். 12 மணி முதல் 6 மணி வரை ஒரே இடத்தில் ஏறி இறங்குங்கள்: அபார்ட்மென்ட் மாடிப்படியே போதும் (வாட்ச்மேனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்). பாட்டு வேண்டாம், போன் வேண்டாம், பேச்சு வேண்டாம். மூன்று மணிக்கு 'எதற்கு இந்த வேலை' என்று மனம் கேட்கும். அந்தக் குரலை ஒருமுறை இங்கேயே கேட்டுவைத்தால், பராஃபுவுக்கு மேலே கேட்கும்போது அது புதிதாக இருக்காது. எந்த நேரத்தில் உங்களுக்கு மனம் சரிகிறது, என்ன சாப்பிட்டால் மீள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒரு குளிர்கால இமயமலை நடை. உத்தராகண்டில் கேதார்காந்தா, ஏறக்குறைய 3,800 மீட்டர், டிசம்பர் முதல் மார்ச் வரை பனி. கூடாரத்தில் தூங்குவது, நடுராத்திரி குளிரில் சிறுநீர் கழிக்க எழுவது, உயரத் தலைவலி, உறைந்த தண்ணீர் எல்லாவற்றையும் ஐந்தாறு நாளில் பார்த்துவிடலாம். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவருக்குக் குளிர் தரும் பயம் பெரிது; ஒருமுறை பட்டுவிட்டால் பாதி போய்விடும்.

கடைசி 2 வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள்.

5. டாக்டரிடம்

டயமாக்ஸ் என்ற அசெட்டசோலமைடு மாத்திரை உயரம் பழகுவதை விரைவுபடுத்தும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மி.கி. காலை, மாலை; ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஊரில் இருக்கும்போதே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள்: விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், சோடா ருசி கெடும். இது தெரியாதவர்கள் மலையில் கை மரத்துப்போனால் பயந்துவிடுகிறார்கள். தூக்க மாத்திரை மேலே வேண்டாம். மலேரியா மாத்திரை பற்றியும் அதே சந்திப்பில் கேளுங்கள். 40 தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதயப் பரிசோதனை செய்துகொண்டு கிளம்புவது நல்லது.

6. முடிவு அட்டை

ஓர் அஞ்சலட்டை அளவு காகிதம். ஊரில், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய ஒரு நாளில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். உச்சி இரவில் நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. இதைப் பார்த்தால் போதும். மூன்று பகுதி வேண்டும்.

முதல் பகுதி, 'நடக்கலாம்': குளிர், சலிப்பு, தூக்கம், லேசான தலைவலி, பசியின்மை, ஒரு தடவை குமட்டல், அழுகை, எரிச்சல், 'நான் ஏன் வந்தேன்' என்ற எண்ணம். இவை எல்லாம் அந்த உயரத்தில் எல்லோருக்கும் வருவது.

இரண்டாம் பகுதி, 'சொல்லு': மாத்திரைக்கும் அடங்காத தலைவலி, மறுபடி மறுபடி வாந்தி, விரலில் உணர்ச்சி போவது, வழக்கத்துக்கு மாறான களைப்பு. உடனே வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். அவர் முடிவு செய்வார்.

மூன்றாம் பகுதி, 'இறங்கு': நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சுக் குழறல், குழப்பம்: இது மூளை வீக்கம். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சிரைப்பு, ஈரமான இருமல், நுரைச் சளி: இது நுரையீரல் நீர். இரண்டுக்கும் மருந்து இறக்கம்தான், உடனே, இருட்டாக இருந்தாலும். விவாதம் கிடையாது. இதைப் பாதிக்கப்பட்டவர் தானே உணர மாட்டார் என்பதால் அட்டையின் நகலை உங்கள் வழிகாட்டிக்கும் உடன் வருபவருக்கும் விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

அட்டையின் அடியில் ஒரு விதி: 'விட்டுவிடலாம்' என்று தோன்றினால், நின்ற இடத்தில் முடிவு எடுக்கக் கூடாது. நான்கு வாய் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு வாய் இனிப்பு, ஒரு துணி கூடுதல், பிறகு 15 நிமிட நடை. அப்போதும் அதே எண்ணம் இருந்தால் இறங்கலாம், வெட்கம் இல்லை. இந்த விதி முதல் பகுதிக்கு மட்டும். மூன்றாம் பகுதிக்கு 15 நிமிடம் கிடையாது.

திரும்பும் நேரத்தையும் எழுதுங்கள். காலை 9 மணிக்குள், உச்சிக்குச் சற்றுக் கீழே எரிமலை வாயின் விளிம்பில் இருக்கும் ஸ்டெல்லா முனையை எட்டாவிட்டால் திரும்புவது என்று வழிகாட்டியோடு பேசி வைப்பது நல்ல எல்லை. ஜோடியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் பேசிவிட வேண்டும்: ஒருவர் இறங்கினால் மற்றவர் தொடர்வாரா? கணவன் மனைவி இருவரும் இதை 5,300 மீட்டரில் பேசத் தொடங்கினால் இரண்டு பேரும் இறங்குவதில்தான் முடியும், பிறகு ஒரு வருஷம் அதே பேச்சு.

கூடவே ஓர் அறிவுரை. உச்சித் தேதியை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஆபீஸ் பேனர், பிறந்தநாள், நன்கொடை வசூல் என்று உச்சியோடு கட்டிவிட்ட ஒவ்வொன்றும், தலைவலியை மறைக்க ஒரு காரணம் ஆகிவிடும்.

7. முதல் ஐந்து நாள்: சேமிக்கும் காலம்

இந்த நாட்களில் உங்கள் வேலை தெம்பைச் சேமிப்பது மட்டும்தான். மூக்கால் மூச்சு விட்டுப் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். அதற்கு மேல் போகாதீர்கள். 'போலே போலே' (சுவாஹிலியில் 'மெதுவாக, மெதுவாக') என்று வழிகாட்டிகள் நாள் முழுவதும் சொல்வது உங்களைத்தான். போர்ட்டர்கள் தலையில் சுமையோடு தாண்டிப் போவார்கள். அவர்களோடு போட்டி வேண்டாம்.

தண்ணீர் நாளைக்கு 3 முதல் 4 லிட்டர். சாப்பாடு பிடிக்காமல் போகும் என்பதால், பிடித்ததை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்: ரசப்பொடி, பருப்புப்பொடி, ஊறுகாய், பேரீச்சம்பழம், பொரிவிளங்காய் உருண்டை. வெந்நீரில் ரசப்பொடி கரைத்துக் கொடுக்கச் சமையல்காரரிடம் கேட்டால் செய்து தருவார். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். முட்டை சேருமா என்பதையும்.

இரவில் மூச்சு நின்று, திடுக்கென்று இழுத்து விழிப்பு வரும். உயரத்தில் இது சாதாரணம். தூங்கவில்லையே என்ற கவலைதான் அதிகம் களைப்பாக்கும். கண்ணை மூடிப் படுத்திருந்தாலே போதும்.

காலையும் மாலையும் வழிகாட்டி விரலில் ஆக்சிஜன் மீட்டர் மாட்டுவார். மேல் முகாம்களில் 80 சதவீதத்தை ஒட்டி எண் வருவது சகஜம். அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். அதைவிட முக்கியம் அவர் கேட்கும் கேள்விகள். தலைவலி இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மறைப்பதுதான் இந்த மலையின் மிகப் பெரிய பொறி. இரண்டாம் நாள் சொன்ன தலைவலிக்குத் தண்ணீர், மாத்திரை, மெதுநடை என்று வழி உண்டு. மறைத்துவைத்த தலைவலி உச்சி இரவில் வெளியே வரும்போது இறக்கத்தைத் தவிர வேறு வழி இருக்காது.

8. உச்சி இரவு, மணி வாரியாக

மச்சாமே, லெமோஷோ வழிகளுக்கு இது பராஃபு முகாமிலிருந்து.

மாலை 5:30: சாப்பாடு. பிறகு உடனே பையை அடுக்குங்கள். அணிய வேண்டிய துணிகளை அணியும் வரிசையில் வையுங்கள். புது பேட்டரி போட்ட ஹெட்லாம்ப், உதிரி பேட்டரி, போன் மூன்றும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறந்துவிடும்.

இரவு 11: எழுப்புவார்கள். இரண்டு பாட்டிலில் வெந்நீர், கம்பளி சாக்ஸுக்குள் போட்டுத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேல் பக்கத்தில் உருவாகும். தலைகீழாக இருந்தால் மூடி அடைக்காது. உறிஞ்சு குழாய் உள்ள தண்ணீர்ப் பையை நம்ப வேண்டாம், குழாய் ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும். இனிப்பை விரலளவு துண்டுகளாக்கிச் சட்டைக்கு உள்பையில் போடுங்கள். முழு சாக்லேட் கல்லாகிவிடும், கையுறையோடு பிரிக்கவும் முடியாது.

12 முதல் 2: கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். இதமாக இருந்தால் துணி அதிகம் என்று அர்த்தம். வியர்க்கும், அந்த வியர்வை மூன்று மணிக்கு உங்களை நடுங்க வைக்கும். மேலே பார்க்காதீர்கள். மலைச்சரிவில் ஹெட்லாம்ப் வரிசை வானம் வரைக்கும் போவது தெரிந்தால் மனம் அங்கேயே உட்கார்ந்துவிடும். முன்னால் போகிறவரின் குதிகாலை மட்டும் பாருங்கள். ஒரு அடி, ஒரு முழு மூச்சு. பின்காலை நேராக நிமிர்த்தி எலும்பின் மேல் எடையை ஒரு கணம் நிறுத்தி, பிறகு அடுத்த அடி. தொடைத் தசைக்கு ஒவ்வோர் அடியிலும் ஓய்வு கிடைக்கும்.

2 முதல் 4: தூக்கம் சொக்கும், குமட்டும். 'இன்னும் எவ்வளவு தூரம்' என்று கேட்காதீர்கள். என்ன பதில் வந்தாலும் அது அதிகமாகவே இருக்கும். உங்கள் இலக்கு உச்சி அல்ல, அடுத்த நிறுத்தம். 50 நிமிட நடை, 5 நிமிட நிறுத்தம். நிறுத்தத்தில் முதலில் ஜாக்கெட், பிறகு தண்ணீர், பிறகு இனிப்பு, எந்நேரமும் இதே வரிசை. உட்காருவதைவிடக் கோலில் சாய்ந்து நிற்பது நல்லது. 5 நிமிடம் தாண்டினால் உடம்பு ஆறிவிடும், மீண்டும் கிளம்புவது இரண்டு மடங்கு கஷ்டம். ஒன்று முதல் ஐம்பது வரை எண்ணுங்கள், மறுபடி ஒன்றிலிருந்து. சிறுவயதில் மனப்பாடம் செய்த பதிகமோ வாய்ப்பாடோ இருந்தால் அதுவும் சரி. யோசிக்காமல் வாயில் வருவதாக இருக்க வேண்டும்.

4 முதல் 6: மிகக் குளிரான நேரம், பெரும்பாலானவர்கள் விடுவது இங்கேதான். காற்றோடு சேர்ந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரி கூட ஆகும். கையைக் கையுறைக்குள் முஷ்டியாக மடக்கித் திறந்துகொண்டே இருங்கள். ஷூவுக்குள் விரல்களை அசையுங்கள். அட்டையை எடுக்க வேண்டிய நேரமும் இதுவே. முதல் பகுதியில் உள்ளதுதான் உங்களுக்கு இருக்கிறது என்றால், சூரியன் வரும் வரைக்கும் என்று மட்டும் உங்களிடம் பேசிக்கொள்ளுங்கள். ஆறரை மணியை ஒட்டி வெயில் வந்ததும் அதே ஆள் வேறு ஆளாக நடப்பதைப் பார்க்கலாம்.

ஸ்டெல்லா முனை, 5,756 மீட்டர்: இங்கே ஒரு பொறி இருக்கிறது. விளிம்புக்கு வந்துவிட்டோம் என்றதும் மனம் இறுக்கத்தை விட்டுவிடும். உட்கார்ந்தவர்கள் பலர் எழுவதில்லை. உகுருவுக்கு இன்னும் 139 மீட்டர் ஏற்றம், மெதுவான சரிவு, ஒரு மணி நேரத்துக்குள். ஸ்டெல்லாவில் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று அட்டையில் எழுதியிருக்கட்டும். மராங்கு வழியில் விளிம்பு கில்மன் முனை, 5,685 மீட்டர். அங்கிருந்து உகுருவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும், ஆகவே அங்கே இந்தச் சோர்வு இன்னும் அபாயம்.

உகுரு: 15 நிமிடம். பலகையின் அடியில் படத்துக்கு வரிசை நிற்கும். கையுறையை ஒரே ஒருமுறை கழற்றுங்கள்.

9. பாதி வேலை மிச்சம்

உகுருவிலிருந்து அன்றே ம்வெக்கா முகாம் வரை, 3,100 மீட்டருக்கு இறங்க வேண்டும். கிட்டத்தட்ட 2,800 மீட்டர் இறக்கம். மொத்தத்தில் அந்த நாள் 12 முதல் 16 மணி நேர நடை. உச்சியில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டவர்கள் விழுவது இங்கேதான். சரளைக் கல்லில் சறுக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஷூவுக்கு மேல் கெய்ட்டர் (கல் உள்ளே புகாமல் தடுக்கும் உறை) மாட்டுங்கள், நடைக்கோலை நீட்டிக்கொள்ளுங்கள், ஷூ நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். கால் நகத்தை ஊரிலேயே ஒட்ட வெட்டாமல் போனவர்களுக்கு இரண்டு நகமாவது கறுக்கும். வழியில் பராஃபுவில் ஒரு மணி நேரம் படுக்கலாம், சாப்பிட்டே ஆக வேண்டும்.

10. இறங்கிய பிறகு

வாயிலில் பதிவேட்டில் கையெழுத்திட்டால் எட்டிய முனையின் பெயரோடு சான்றிதழ் தருவார்கள். கில்மன், ஸ்டெல்லா முனைகளுக்கும் சான்று உண்டு. பெயர் எழுத்துக்கூட்டலைப் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

டிப்ஸ் பணத்தைப் போர்ட்டர், சமையல்காரர், வழிகாட்டி எனத் தனித்தனி உறையில் பெயர் எழுதி, எல்லோர் முன்னிலையிலும் கொடுங்கள். மொத்தமாக ஒருவர் கையில் கொடுத்தால் கடைசிப் போர்ட்டருக்குப் போய்ச் சேருமா என்பது சந்தேகம்.

திரும்பும் விமானத்தை இறங்கும் நாளிலேயே போடாதீர்கள். மலையடிவார ஊரான மோஷியில் ஓர் இரவு தங்குங்கள், முடிந்தால் இரண்டு. போகும்போதும் ஒரு நாள் முன்பே சேருங்கள், பழகிய ஷூவைக் காலில் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். பெட்டி தொலைந்தால் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், நடைக்கோல் எல்லாம் மோஷியில் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் காலுக்குப் பழகிய ஷூ மட்டும் எங்கேயும் கிடைக்காது.